ஏறத் தெரிந்தவர்களுக்கு ஒற்றைக் கயிறு: குமரி மாவட்ட மரவேலைக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கம் வேலை எடுக்கும் நாலு பேர் கொண்ட மரவேலைக் குழு ஒன்று, ஒற்றைக் கயிற்று முறையில் மரம் ஏறக் கற்றுக்கொண்டது. கயிறு, முடிச்சு, கருவி சம்பந்தப்பட்ட பாடங்களை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நாலு பேருமே மரம் ஏறத் தெரிந்தவர்கள். இந்த முறைக்குக் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் மரத்தையே தொடாத ஒருவனை மனதில் வைத்து, எப்படி மேலே போவது என்றுதான் ஆரம்பிக்கின்றன. மேலே போவது ஒரு பிரச்சினையே இல்லாத ஆட்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது, எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் எங்களுக்கு இருந்த கேள்வி.

மூத்தவர் ஐம்பதைத் தாண்டியவர். எல்லாரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா பனையேறி. இவரும் சின்ன வயதில் பனையேறும் தளைநாரும் முருக்குத்தடியுமாக அக்கானி (பதநீர்) இறக்கியவர்தான். பிறகு தென்னைக்கும் அங்கிருந்து மரவெட்டுக்கும் மாறினார். கூடவே அவருடைய அக்கா மகன். மற்ற இருவரும் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். ரப்பர் விலை சரிந்த பிறகு இந்த வேலைக்கு வந்தார்கள். 2017 நவம்பர் 30 அன்று அடித்த ஓகி புயலுக்குப் பிறகு வீட்டு ஓரத்து மரங்களைக் கழித்துத் தரச் சொல்லும் அழைப்புகள் கூடின. வெட்டிச் சாய்க்க இடமில்லாத, கொப்பு கொப்பாக இறக்க வேண்டிய மரங்கள் அவை. அதுவரை இந்தக் குழுவிடம் இருந்த கயிறு வடம் மட்டும்தான். வெட்டிய தடியை இறக்க வடம் உண்டு. வெட்டுகிறவனுக்குக் கயிறு கிடையாது. கையும் காலும்தான் அவனுக்குக் காவல்.

முறை எப்படி வேலை செய்கிறது

மேலை நாடுகளில் மரவேலைக்காரர்கள் வெகுகாலம் கையாண்டது இரட்டைக் கயிற்று முறை. கயிறு கொப்பின் மேலே போய்த் திரும்பி ஏறுகிறவனிடமே வரும். ஒரு முனை அவன் இடுப்பிலும் தொடையிலும் மாட்டிய ஹார்னஸில். மறுபக்கக் கயிற்றில் ஒரு உராய்வு முடிச்சு: எடை விழுந்தால் கயிற்றைக் கடித்துப் பிடிக்கும், எடை போனால் நகரும். அவன் நகரும்போது கயிறும் கொப்பின் மேல் நகரும். ஒரு மீட்டர் ஏற இரண்டு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். பாரம் பாதியாகத் தெரியும், இழுக்கும் நீளம் இரட்டிப்பாகும்.

ஒற்றைக் கயிற்று முறையில் கயிறு அசைவதில்லை. மேலே கொப்பிலோ கீழே மரத்து மூட்டிலோ (அடிமரத்திலோ) ஒரு முனையைக் கட்டிவிட்டு, தொங்குகிற பக்கத்தில் ஆள் ஏறுவான். பாதத்தில், கயிற்றில் மேலே மட்டும் நகரும் அசென்டர் என்ற பிடி ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. கால் மாற்றிக் கால் மிதித்தே போய்விடலாம். கைக்கு வேலை குறைவு.

குகைக்குள் இறங்குகிறவர்களும் மலையேறிகளும் வளர்த்த முறை இது. கயிற்றில் ஏற உதவும் ப்ரூசிக் முடிச்சை ஆஸ்திரியாவின் கார்ல் ப்ரூசிக் 1931-இல் வெளியிட்டார். ஜூமார் என்ற உலோகப் பிடி சுவிட்சர்லாந்திலிருந்து 1958-இல் வந்தது. மரவேலைக்கு வர மட்டும் ஏன் இத்தனை காலம் என்றால், குகைக்காரர் இறங்கினால் நேராக இறங்குவார், ஏறினால் நேராக ஏறுவார். மரவேலைக்காரனோ பத்தடி ஏறி, நாலடி இறங்கி, பக்கத்துக் கொப்புக்கு நடந்து, திரும்பவும் ஏற வேண்டும். ஒற்றைக் கயிற்றில் முழு எடையும் ஒரே முடிச்சில் விழுவதால் முடிச்சு இறுகிக் கடித்துக்கொள்ளும், இறங்க முடியாது. பலவந்தமாக இறக்கினால் உராய்வுச் சூட்டில் முடிச்சுக் கயிறு பளபளவென்று உருகிப்போகும். 2010 வாக்கில் அமெரிக்க மரமேறி கெவின் பிங்காம் கொண்டுவந்த ரோப் ரெஞ்ச் என்ற சின்னக் கருவி இதைத் தீர்த்தது. முடிச்சுக்கு மேலே உட்கார்ந்து கயிற்றைக் கொஞ்சம் வளைத்து, எடையில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்ளும். மீதிதான் முடிச்சுக்கு. இப்போது இதே வேலையைச் செய்யும் கருவிகள் பல வந்துவிட்டன.

கயிறு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹார்டுவேர் கடையில் நைலான் என்று சொல்லித் தரும் நீலக் கயிறுகளில் பல பாலிபுரோப்பிலீன். சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்; உராய்வு முடிச்சு உட்காரும் இடத்துக்கு அது லாயக்கே இல்லை. நாங்கள் வாங்கியது 11 மி.மீ. சொச்சம் தடிமனுள்ள, உள்ளே இழைக்கட்டும் வெளியே பின்னல் உறையும் உள்ள, அதிகம் நீளாத ஏறுகயிறு. ஹார்னஸ், ஹெல்மெட், அசென்டர்கள், ரோப் ரெஞ்ச், கயிற்றை மேலே போட உதவும் எறிபை, இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் லேன்யார்டு எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு பைக் வாங்கும் காசு. முதலில் ஒரே ஒரு தொகுப்புதான் வாங்க முடிந்தது. இந்த முறையைப் பழகுகிற எந்தக் குழுவுக்கும் அது போதாது. ஏன் என்பது பின்னால் வருகிறது.

முதல் பாடம் இறங்குவது

ரப்பர் தோட்டத்து ஓரத்தில் ஒரு புளியமரம். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேலே யாரையும் முதலில் விடவில்லை. அந்த உயரத்தில் தொங்கிக்கொண்டு, ரோப் ரெஞ்ச் இல்லாமல் வெறும் முடிச்சில் இறங்கப் பாருங்கள் என்றேன். முடிச்சு கடித்துக்கொண்டது. ஆசானின் மருமகன் இரண்டு கையாலும் அதை அழுத்திப் பார்த்தான், அசையவில்லை. கால்வளையத்தில் எழுந்து நின்று எடையை எடுத்த பிறகுதான் முடிச்சு இளகியது. அடுத்து ரெஞ்சைப் பூட்டினோம், இரண்டு விரலால் முடிச்சைத் தொட்டதும் சாவகாசமாக இறங்கினான்.

கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த ஆசான், "இது நம்ம வடத்த மூட்டுல மூணு சுத்து போட்டு விடுற வேலதானே மக்கா?" என்றார். அதேதான். பெரிய தடியை இறக்கும்போது வடத்தை வேறொரு மரத்தின் மூட்டில் சுற்றிவிட்டால், தன் எடையைப் போலப் பல மடங்கு பாரத்தை ஒரே ஆள் பிடித்து நிதானமாக இறக்கலாம். சுற்று கூடக் கூட பிடி கூடும். அவர்கள் பல வருடமாகக் கையால் அறிந்திருந்த விஷயம் அது. மற்ற மூவருக்கும் கருவியின் வேலையை அதற்கப்புறம் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆசானே வடத்தைக் காட்டிச் சொல்லிவிட்டார்.

இறங்குவதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பல் உள்ள அசென்டர்களில் ஏறலாம், இறங்க முடியாது. மேலே போனவன் ஒரு பிடியிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஆபத்தான நேரம் அந்த மாற்றம்தான். இறங்கும் கருவியைப் பூட்டி, அதில் எடையை வைத்துப் பார்த்து, அப்புறம்தான் அசென்டரைக் கழற்ற வேண்டும். ஏறும் வேகத்தில் இருப்பவனுக்கு இந்த வரிசை எரிச்சலாக இருக்கும். தரையில் நின்று அலுக்கும்வரை செய்துவிட்டால் மேலே போனபின் கை தானாக அதைச் செய்யும்.

பனை, தென்னை ஏறிய உடம்புக்கு வேறொரு சிக்கல் இருந்தது. ஆசானும் மருமகனும் கயிற்றில் தொங்கும்போதும் மரத்தை அணைத்துக்கொண்டார்கள். ஹார்னஸில் உட்கார்ந்து எடையை விடுவதற்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. கையால் இழுத்து இழுத்து ஏறியதில் சீக்கிரம் களைத்தார்கள். பால் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களும் மரம் ஏறுவதில் இவர்களுக்குப் பின்னால்தான், ஆனால் கயிற்றில் முந்திக்கொண்டார்கள். மருமகனுக்கு இன்னொரு பழக்கம்: கொப்பின் மேல் கயிறு தொய்வாக இருக்க, கையை விட்டு நடந்து போவான். அது அவனுக்குத் தெருவில் நடக்கிற மாதிரி. அதிகம் நீளாத கயிற்றில் தொய்வோடு விழுந்தால் அதிர்ச்சி முழுக்க உடம்புக்கும் கொப்புக்கும்தான் போகும். பல் உள்ள அசென்டரில் அப்படி விழுந்தால் 4 முதல் 6 கிலோநியூட்டன் (சுமார் 400 முதல் 600 கிலோ எடை) விசையிலேயே கயிற்றின் உறை கிழியலாம். கயிறு எப்போதும் இறுக்கமாக, பிடிப்பு எப்போதும் தலைக்கு மேலே. இதை அவனுக்குப் பழக்குவதற்குத்தான் பயிற்சியிலேயே அதிக நேரம் போனது. நல்ல ஏறுகாரனிடமிருந்து எடுக்க வேண்டிய பழக்கம், புதியவனுக்குக் கொடுக்க வேண்டிய பழக்கத்தைவிடக் கடினமானது என்பது என் கருத்து.

முறிந்த கவட்டை

கயிற்றை மேலே போடுவது எறிபையில் தொடங்குகிறது. 300 கிராம் சொச்சம் எடையுள்ள சின்ன ஈயப் பை, அதோடு இரண்டு மி.மீ. தடிமனில் வழுக்கும் நூல். தரையில் நின்று வீசி, வேண்டிய கவட்டைக்கு மேலே போட்டு, அதைப் பிடித்து ஏறுகயிற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். மாங்காய்க்குக் கல்லெறிந்து வளர்ந்த பையன்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. எந்தக் கவட்டை என்பதுதான் கேள்வி.

ஒரு பழைய மாமரத்தில், இளைஞர்களில் ஒருவன் உயரமான கவட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கயிற்றைப் போட்டான். ஒரு முனையை மூட்டில் கட்டினோம். குழு இதை மூட்டுக்கட்டு என்று சொல்லும். மேலே கொப்பிலேயே கட்டினால் உச்சிக்கட்டு. யாரும் ஏறுவதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கிக் குலுக்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி. குலுக்கியதும் சடசடவென்று சத்தம். கவட்டையின் ஒரு கை பிளந்து கீழே வந்தது. இரண்டு பேரும் மரத்திலிருந்து தள்ளி நின்று கயிற்றைப் பிடித்திருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிளவைப் பார்த்தால், இரண்டு கொப்பும் ஒட்டி வளர்ந்து, இடையில் பட்டை உள்ளே மடங்கிப் போயிருந்தது. வெளியே பார்க்க ஒன்றாகத் தெரியும், உள்ளே மரம் மரத்தோடு சேரவே இல்லை. கீழே தண்ணீர் தேங்கிக் கறுத்த பொந்து. மாமரத்தில் இது சாதாரணம்.

இதில் முறைக்கே உரிய ஒரு கணக்கும் இருக்கிறது. மூட்டுக்கட்டில் கயிறு கொப்பின் மேல் வளைந்து இரண்டு பக்கமும் இறங்குகிறது. ஆள் ஒரு பக்கத்தில் தொங்கினால், அவனைத் தாங்க மறுபக்கமும் கிட்டத்தட்ட அதே விசையில் கொப்பைக் கீழே இழுக்கும். கருவியோடு 80 கிலோ இருப்பவன் தொங்கினால் கொப்பில் விழுவது 160 கிலோ வரை போகலாம். பட்டையின் உராய்வு கொஞ்சம் குறைக்கும், அவன் மிதித்து ஏறும் குலுக்கல் அதைக் கூட்டும். உச்சிக்கட்டில் இந்த இரட்டிப்பு கிடையாது, ஒரு ஆள் எடைதான். "நான் ஏறி நின்ன கொப்புதானே" என்று மருமகன் கேட்டது நியாயமான கேள்வி. அவன் நின்ற கொப்பு அவனைத் தாங்கியது. மூட்டுக்கட்டு போட்டால் அதே கொப்பு இரண்டு பேரைத் தாங்க வேண்டும்.

இங்கேதான் ஆசானின் இடம் மாறியது. கயிற்றில் அவர் வேகமாக இல்லை, அவருக்கும் அது தெரியும். கீழே நின்று மரத்தைப் படிப்பதில் எங்களில் யாரும் அவருக்குப் பக்கத்தில் வர முடியாது. வெட்டுகத்தியின் முதுகால் மூட்டைத் தட்டிப் பார்ப்பார். வேர்ப் பக்கம் காளான் முளைத்திருக்கிறதா, மரங்கொத்தித் துளை எந்தக் கொப்பில், எறும்பு எந்த இடத்தில் மரத்துக்குள் போகிறது, எந்தக் கொப்பின் இலை மட்டும் சின்னதாக இருக்கிறது என்று பார்ப்பார். அயனியையும் (காட்டுப்பலா) புளியையும் நம்புவார், முற்றிய பிலாவையும். கொல்லாமரத்தை (முந்திரி) நம்ப மாட்டார். முருங்கையைச் சொல்லவே வேண்டாம். ரப்பர் மரம் காற்றில் பாதியில் முறிவதை ஓகியில் ஊரே பார்த்தது. மாமரம் சம்பவத்துக்கு அப்புறம், கவட்டையைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலை, குலுக்கிப் பார்ப்பது மற்றவர் வேலை, அவர் வேண்டாமென்றால் வாதமில்லை என்று குழு முடிவு செய்தது.

மூட்டுக்கட்டா, உச்சிக்கட்டா

மேலே ஒருவன் மயங்கினால் என்ன செய்வது? ஹார்னஸில் அசையாமல் தொங்குவதே சீக்கிரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுக் காத்திருக்க நேரமில்லை. மூட்டுக்கட்டின் பெரிய லாபம் இதில்தான். மூட்டில் வெறும் முடிச்சு போடாமல் இறங்கும் கருவி ஒன்றைப் பூட்டி வைத்தால், கீழே இருப்பவனே கயிற்றை விட்டு மேலே இருப்பவனை இறக்கிவிடலாம். கயிறு அதற்கேற்ற நீளம் வேண்டும்: கொப்பு 20 மீட்டர் என்றால் ஏற 20, இறங்க 20, விட 20, ஆக 60 மீட்டர். 40 மீட்டர் வாங்கிச் சேமித்தவன் விடக் கயிறே இல்லாமல் ஆளை மேலேயே தொங்கவிட்டு நிற்பான்.

ஒத்திகை பார்த்தோம். மருமகன் மேலே போய்க் கையைத் தொங்கவிட்டான். கீழிருந்து சிரமமில்லாமல் இறக்கினார்கள். அடுத்து நிஜ வேலைபோல ஒத்திகை: கயிறு இரண்டாவது கவட்டை வழியாகத் திருப்பி விடப்பட்டிருக்கிறது, இடுப்பு லேன்யார்டு கொப்பைச் சுற்றிப் பூட்டியிருக்கிறது. இப்போது கீழிருந்து எவ்வளவு விட்டாலும் ஆள் வரவில்லை. லேன்யார்டைக் கழற்ற ஒருவன் மேலே போயாக வேண்டும். போக அவனுக்கு ஒரு கயிறும் ஒரு தொகுப்பும் வேண்டும். ஒரே தொகுப்பு போதாது என்று முதலில் சொன்னது இதற்குத்தான். இரண்டாவது தொகுப்பு வரும்வரை குழு வெட்டு வேலைக்கு இந்த முறையைத் தொடவில்லை.

மூட்டுக்கட்டுக்கு இன்னொரு பலவீனமும் இருக்கிறது. கட்டிய பக்கக் கயிறு வேலை நடக்கும் இடத்துக்கு ஊடாகவே இறங்குகிறது. வெட்டிய கொப்பு அதில் விழுந்தாலோ, கைவாளோ மெஷின் வாளோ அதில் பட்டாலோ ஏறியவன் கதி அவ்வளவுதான். கீழே குப்பை பொறுக்கும் ஆள் வெட்டுகத்தியோடு மூட்டுப் பக்கம் போவதும் ஆபத்து. உச்சிக்கட்டில் இந்தத் தொல்லை இல்லை, பாரமும் பாதி. ஆனால் கீழிருந்து ஆளை இறக்க முடியாது.

இதில் எது சரி என்று என்னிடம் அவர்கள் கேட்டார்கள். மரத்துக்கு மரம் மாறும் என்பதுதான் என் பதில். குழு ஏற்றுக்கொண்ட நடைமுறை இது: ஏறுவது எப்போதும் மூட்டுக்கட்டில். மேலே போனதும் லேன்யார்டில் தன்னைப் பூட்டிக்கொண்டு, கீழே கட்டை அவிழ்க்கச் சொல்லி, கயிற்றை மேலே இழுத்து உச்சிக்கட்டாக மாற்றிய பிறகுதான் வாளை எடுக்க வேண்டும். வெட்டும்போது கயிறு, லேன்யார்டு என்று இரண்டு பிடிப்பு. வேறொரு கவட்டையில் இரண்டாவது கயிறு தொங்கிக்கொண்டே இருக்கும், அதில் ஏற ஒருவன் ஹார்னஸோடு கீழே நிற்பான். அவனை வேறு வேலைக்குக் கூப்பிடக் கூடாது. கடைசி விதிதான் அடிக்கடி மீறப்படுகிறது. கீழே கொப்பு குவியும்போது ஒருவன் சும்மா நிற்பதைப் பார்க்க யாருக்கும் மனசு வராது.

அயனி மரம்

திருவட்டாறு பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு, பின்புறம் பெரிய அயனி. முதல் கொப்புக்குக் கீழே பத்து மீட்டருக்கு வழவழவென்று நேர் மரம். இரண்டு ஆள் கை கோத்தாலும் எட்டாத பருமன். அணைத்து ஏற முடியாது. முன்பென்றால் மூங்கில் ஏணியைக் கட்டி, அதன் நுனியிலிருந்து தாவுவார்கள். ஒற்றைக் கயிற்றுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது. மேற்குக் கொப்பு ஒன்று பட்டுப்போய் ஓட்டுக்கு நேர் மேலே நின்றது. இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன் அதை எடுக்க வேண்டும் என்றார் வீட்டுக்காரர். வீட்டுக்கு வரும் மின்கம்பி பக்கத்திலேயே போவதால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகுதான் எறிபையையே கையில் எடுத்தோம். ஈர நூல் கம்பியில் விழுந்தால் எறிந்தவன் தரையில் நிற்பதால் தப்பிவிட மாட்டான்.

ஏறப் போகிறவன் இளைஞர்களில் ஒருவன். பட்ட கொப்புக்கு நேர் மேலே இருந்த உயரமான கவட்டையைக் காட்டினான். கோணம் அருமையாக இருந்தது. அங்கே பிடித்தால் கொப்பின் நுனிவரை கயிறு இறுக்கமாகவே இருக்கும். ஆசான் வேண்டாமென்றார். அந்தக் கவட்டைக்கு ஒரு முழம் கீழே, ஒரு கொப்பு கிழிந்து போன பழைய வடு. ஓகியில் போயிருக்கும் என்றார். "மேல தோல் மூடிருச்சு. உள்ள எட்டு மழை இறங்கிருக்கு." அவர் காட்டியது வீட்டுக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் தாழ்வாக இருந்த பச்சைக் கவட்டை. கோணம் மோசம். அங்கே பிடித்துக்கொண்டு மேற்குக் கொப்புக்குப் போனால், கால் வழுக்கினால் ஊசலாடிப் போய் நடுமரத்தில் மோத வேண்டியதுதான்.

தீர்வு திருப்பு. எடை முழுவதும் பச்சைக் கவட்டையில். மேற்குப் பக்கம் நல்ல கொப்பு ஒன்றில் ஒரு வளையமும் காராபினர் என்ற பூட்டுக்கொக்கியும் போட்டு, கயிற்றை அதன் வழியாகத் திருப்பிவிட்டால் ஊசல் தடைபடும். திருப்புக் கொப்பில் விழும் விசை கோணத்தைப் பொறுத்தது: கயிறு லேசாக வளைந்தால் சொற்பம், கூர்மையாக வளைந்தால் அதிகம். மெல்லிய வளைவாகத்தான் வைத்தோம். இரட்டைக் கயிற்று முறையில் இதே திருப்பை வைத்தால் உராய்வு கூடிக் கயிறு நகர மறுக்கும். ஒற்றைக் கயிறு நகராதது, அதனால் எத்தனை திருப்பு வைத்தாலும் அந்தத் தொந்தரவு இல்லை. மரவேலைக்கு இந்த முறையின் உண்மையான லாபம் ஏறும் வேகம் இல்லை, இதுதான் என்று நினைக்கிறேன்.

ஏறும்போது மிசிறு என்ற கடிக்கும் சிவப்பெறும்பின் கூடு ஒன்று கைக்கு நேராக வந்தது. கழுத்துக்குள் கடித்தபோதும் அவன் முடிச்சிலிருந்து கையை எடுத்துத் தட்டலாம், விழமாட்டான் என்ற நம்பிக்கை அப்போதுதான் அவனுக்கு முழுசாக வந்திருக்க வேண்டும். உட்கார்ந்தபடியே நிதானமாகத் தட்டிவிட்டு மேலே போனான். பட்ட கொப்பை நுனியிலிருந்து துண்டு துண்டாக வெட்டினான். ஒவ்வொரு துண்டையும் வடத்தில் கட்ட, ஆசான் பக்கத்துப் பிலா மூட்டில் சுற்றிப் பிடித்து ஓட்டுக்கு வெளியே இறக்கினார். நடுவில் ஒரு சுள்ளி தப்பி விழுந்து இரண்டு ஓடு உடைந்தது. மாற்றிக் கொடுத்தோம்.

வேலை முடிந்து அவன் அந்தப் பழைய வடுவுக்குப் பக்கத்தில் போய்க் கைவாளின் நுனியை உள்ளே விட்டான். பிடிவரை போனது. மூட்டுக்கட்டில் அங்கே கயிறு போட்டிருந்தால் குலுக்கும்போது உடைந்திருக்கலாம், உடையாமலும் இருந்திருக்கலாம். இரண்டாவதுதான் பயப்பட வேண்டியது. குலுக்கிப் பார்ப்பது ஒரு சோதனைதான், மரத்தைப் படிப்பதற்கு மாற்று இல்லை. எறிபையும் நல்ல கயிறும் கையில் வந்ததும் கோணத்தை மட்டும் பார்த்துக் கவட்டையைத் தேர்ந்தெடுக்கும் ஆசை எல்லாருக்கும் வரும்.

மிச்சம் இருப்பவை

அயனியும் பிலாவும் வெட்டினால் பால் வடியும். அது கயிற்றிலும் அசென்டரின் பல்லிலும் ஒட்டிக் காய்ந்தால் பிடிப்பு கெடும், முடிச்சு நகராது. சக்கை (பலாப்பழம்) வெட்டும்போது கையில் தேங்காயெண்ணெய் தடவுவது வீட்டு வழக்கம். அதே கையோடு கயிற்றைத் தொடக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணெய் பட்ட கயிற்றில் முடிச்சு வழுக்கும். கயிறு என்றால் வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும், நிழலில் உலர்த்தல். இரும்புப் பல்லுக்கு எண்ணெய் போட்டுப் பிசினை எடுக்கலாம், ஆனால் அதன்பின் சோப்புப் போட்டு எண்ணெய் சுத்தமாகப் போகும்வரை கழுவ வேண்டும். குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரை வேலைக்குப் போய்வந்தால் கருவிகளை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்புக் காற்று அலுமினியத்தைத் தின்றுவிடும்.

கூலிச் சிக்கல் இன்னும் முழுசாகத் தீரவில்லை. கயிறு போட, குலுக்கிப் பார்க்க, மூட்டுக்கட்டை உச்சிக்கட்டாக மாற்ற என்று வெட்டு தொடங்கும் முன்பே காலை கழிந்துவிடுகிறது. "ஏறவே இல்ல, அதுக்குள்ள டீ குடிக்கியளா" என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டார். நாள் கூலியை விட்டுவிட்டு மரத்துக்கு இவ்வளவு என்று பேச ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சு குறைந்தது. குறைந்த விலைக்கு வெறுங்கையோடு ஏறும் ஆள் அடுத்த தெருவிலேயே இருக்கும்போது விலையை ஏற்ற முடியாது. இரண்டாவது தொகுப்பின் கடன் இன்னும் இருக்கிறது.

தென்னைக்கும் பனைக்கும் இந்த முறையை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. கொப்பே இல்லாத மரத்தில் கீழிருந்து கயிறு போட நல்ல இடம் கிடையாது. தேங்காய் பறிக்கப் பழைய வழியோ ஏறும் கருவியோ போதும். பாதியில் முறிந்து நிற்கும் ரப்பர் மரங்களை மறுத்துவிடுகிறார்கள்; கிரேன் வரும் இடமென்றால் கிரேன், இல்லையென்றால் தூரத்திலிருந்து வடம் கட்டி இழுப்பது. அடுத்த பயிற்சி, மேலே போய் லேன்யார்டைக் கழற்றி மயங்கியவனைத் தன்னோடு சேர்த்து இறக்குவது. இப்போதைக்கு மருமகனுக்கும் ஒரு இளைஞனுக்கும் மட்டும்தான் அது கைவந்திருக்கிறது. அந்த இருவரில் ஒருவர் வராத நாளில் திருப்பு வைக்க வேண்டிய மரத்தை ஆசான் எடுப்பதில்லை.